வரட்டும்டீ, வந்து என் குடத்துல குந்தட்டும்

போன மாசம் பொம்மையார்பாளையத்திலிருந்து மூன்று பேர் என்னைத் தேடிக்கொண்டு மரக்காணம் வந்தார்கள். ஒரு பெண், இரண்டு பையன்கள். கையில் ஒரு போன், அதை நிறுத்தி வைக்க மூன்று கால் ஸ்டாண்டு, சட்டையில் குத்திக்கொள்ளும் மைக். அவ்வளவுதான் அவர்களுடைய சேனல். "ஆன்ட்டி, நீங்க டிவியில காமெடி பண்ணவங்க. டைமிங்னா இன்னான்னு எங்களுக்குச் சொல்லுங்க" என்றார்கள். ஆன்ட்டி என்றதை மன்னித்து டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். டைமிங் பற்றி ஏதோ நாலு வார்த்தை சொன்னேன். அவர்களும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. நான் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதியை போன் முன்னால் உட்கார்ந்து சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

நான் உப்பளக் கூலி வீட்டில் பிறந்தவள். பதினாலு வயதில் பாத்தியில் இறங்கி உப்பு வாரத் தொடங்கினேன். அங்கே ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டும், அவ்வளவு காற்று. எனக்கு இந்தக் குரல் வந்தது அப்படித்தான். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேஸ்திரி மாதிரி மூக்கால் பேசிக் காட்டுவேன். ஒருநாள் அவரே பின்னால் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் எங்கடி மூக்கால பேசறேன்?" என்று மூக்காலேயே கேட்டார். பெண்கள் உப்புக் குவியல் மேல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவரைப் போலப் பேசினால் ஊரே சிரிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அப்புறம் தெரு நாடகம், திருவிழா மேடை, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வந்து கூட்டத்தைப் பிடித்து வைக்கும் காமெடி என்று பல வருஷம் ஓடிவிட்டது. அதையெல்லாம் எழுதினால் எனக்கே தூக்கம் வரும்.

2004 தொடக்கத்தில் புதுச்சேரியில் ஒரு கேபிள் சேனலில் 'பைப்படி' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். தினமும் சாயங்காலம் ஐந்து நிமிஷம். ஒரு தெருக்குழாய், அதைச் சுற்றிக் குடத்தோடு நாலு பெண்கள், அவர்களுடைய சண்டை, அவ்வளவுதான் கதை. வரிசையில் நிற்கவே மாட்டாமல் குறுக்கே புகும் பவுனு என்ற பெண்ணாக நடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து என் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் வரைக்கும் நான் பவுனக்காதான்.

நிகழ்ச்சியை எழுதி இயக்கியவர் அருள்தாஸ் சார். பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் மாஸ்டராக இருந்து வேலையை விட்டு வந்தவர். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் சீவிய பென்சில் இரண்டு. கதையை வசனமாக எழுத மாட்டார். நோட்டில் கட்டம் கட்டமாகப் படம் போட்டு வைத்திருப்பார். என் படத்துக்கு மட்டும் வாய் பெரிதாக இருக்கும். எல்லாரையும் 'அம்மா', 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. காமெடி எடுக்கிற மனுஷன் இப்படி இழவு வீட்டு முகத்தோடு நிற்கிறாரே என்று முதல் வாரம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் கணக்குப் புரிந்தது. நன்றாக இருந்தால் 'ம்' என்பார். ரொம்ப நன்றாக இருந்தால் 'ம்ம்' என்பார். அந்த இரண்டாவது 'ம்'முக்காக நான் எத்தனை முறை சகதியில் விழுந்திருக்கிறேன் என்று என் முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

அவர் எனக்குப் பாடம் நடத்தியது ஒரு அமெரிக்காக்காரரை வைத்து. எந்தக் காலத்திலோ அந்த நாட்டு டிவியில் ரொம்பப் பெயர் எடுத்த காமெடி நடிகராம். அவருடைய பழைய நிகழ்ச்சி ஒன்று சாரிடம் கேசட்டில் இருந்தது. பெயர் என் வாயில் நுழையவில்லை. கோட்டும் சூட்டுமாக வருவார் என்பதால் நாங்கள் அவருக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தோம். சார் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் போடுவார். "பேச்சை விடுங்கம்மா. கதவைப் பாருங்க" என்பார். மாப்பிள்ளை எப்போதும் ஒரு கதவைத் திறந்துகொண்டுதான் வருவார். ஆனால் முழுசாக உள்ளே வந்துவிட மாட்டார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, அப்படியே நிற்பார். எதிரே இருக்கிற ஜனம் சிரித்து ஓய்ந்த பிறகுதான் மற்றக் காலை எடுத்து வைப்பார். "அந்த நிக்கறது தான் காமெடி. மத்ததெல்லாம் நடை" என்றார் சார். ஏதோ ஒரு தேசத்து மனுஷன், உப்பு வாரின காலுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பகுதியும் ஒரே மாதிரிதான் தொடங்கும். குழாயடியில் பெண்கள் காத்திருப்பார்கள். படத்தில் தெரியாமல் எங்கிருந்தோ ஒரு குரல், "தண்ணி வருது!" என்று கத்தும். வீட்டுக்குள்ளிருந்து பவுனு பதில் கொடுப்பாள். "வரட்டும்டீ! வந்து என் குடத்துல குந்தட்டும்!" கொடுத்துவிட்டு ஆரஞ்சுக் குடத்தோடு வாசலுக்கு வருவாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, மனசுக்குள் இரண்டு எண்ணும் வரை நிற்பாள். அப்புறம் ஓடுவாள், வரிசையை உடைப்பாள், சண்டை ஆரம்பிக்கும்.

சாருடைய விதிகள் இரண்டு. ஒன்று, செத்தாலும் கேமராவைப் பார்க்கக் கூடாது. இன்னொன்று, அந்தப் பதில் தாமதமாகக் கூடாது. "அவங்க வார்த்தையோட வால் உங்க வாயில இருக்கணும்" என்பார். 'வருது' என்பதில் 'து' முடிவதற்குள் நான் 'வ' என்று தொடங்கியிருக்க வேண்டும். மூச்சு விட்டால் போச்சு, மறுபடி எடுக்க வேண்டும். அதற்காக என்னைப் பேச்சில் இழுத்து, சாப்பிட வைத்து, வண்டியில் தூங்கவிட்டு, திடீரென்று காதுக்குப் பக்கத்தில் "தண்ணி வருது" என்பார். நான் வாயில் சோறோடு "வரட்டும்டீ" என்பேன். "ம்" என்பார்.

நிகழ்ச்சி பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் ஏறினால் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வரும், நான் பதில் கொடுப்பேன், பஸ் சிரிக்கும், கண்டக்டர் எனக்கு இடம் பிடித்துத் தருவார். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், பயணிகளிடம் பந்தயம் கட்டி என்னைத் தெருவில் நிறுத்திச் சொல்ல வைத்திருக்கிறார். எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒருநாள் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். அவர் மனைவியைக் கட்டிக்கொண்டு நானும் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தேன். பின் தெருவில் நிஜமாகவே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. யாரோ ஒருத்தி, "தண்ணி வருது!" என்று கத்தினாள். ஒப்பாரியின் நடுவில் என் வாய் தானாகத் திறந்து, "வரட்டும்டீ, வந்து என் குடத்துல குந்தட்டும்" என்று முழுசாகச் சொல்லி முடித்தது. பந்தலில் இருந்த ஆண்கள் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். இறந்தவரின் மனைவி என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். அறைந்துவிட்டு அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. நான் எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

சாரிடம் இதைச் சொன்னபோது மற்றவர்கள் உருண்டு சிரித்தார்கள். அவர் நோட்டை மூடி வைத்தார். "சொல்லிக் குடுக்கறது ஈஸிம்மா. அதை எங்க நிறுத்தணும்னு சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியல" என்றார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அனுமந்தைக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் படப்பிடிப்பு. சார் சர்ச்சில் முதல் பூசைக்குப் போய்விட்டு, எல்லாருக்கும் கேக் வாங்கிக்கொண்டு வேனில் வந்து சேர்ந்தார். கேமராமேன் ரஃபீக், கூனிமேட்டுக்காரர், கல்யாண வீடியோவில் கை பழகியவர். குப்பத்தில் கடலிலிருந்து இரண்டாவது வரிசையில் ஒரு வீட்டைச் சார் தேர்ந்தெடுத்தார். வாசல் கடலைப் பார்த்திருந்தது. காலை வெயில் நேராக என் முகத்தில் விழும் என்பதால் அந்த வீடு. கேமரா கடலுக்கு முதுகைக் காட்டி வீட்டைப் பார்த்து நின்றது. சாரும் ரஃபீக்கும் கேமராவுக்குப் பின்னால் அப்படியே நின்றார்கள். குழாயடிப் பெண்களாக அந்தக் குப்பத்துப் பெண்களே நிற்கச் சம்மதித்தார்கள்.

வீடு அஞ்சலையுடையது. அவள் புருஷன் ஏழுமலை விடிவதற்கு முன்பே படகில் போய்விட்டார். அஞ்சலை இடுப்பில் பெண் குழந்தையும் கையில் குடமுமாகக் குழாயடியில் நின்றாள். வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலில் அவள் அம்மா பூங்காவனம் படுத்திருந்தார். மீன் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து பல மாசமாக அதே கட்டில்தான். டிவியைக் கட்டிலுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார்கள். நான் உள்ளே போனதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் பவுனா?"

"ஆமாம்மா."

"டிவியில பாத்தா சிரிப்பு சிரிப்பா வருது. நேர்ல ஒண்ணும் வரலியேடி."

எனக்குச் சுருக்கென்றது. காமெடி பண்ணுகிறவளிடம் இதைவிட வேறு என்ன சொல்லிவிட முடியும். மேஸ்திரி மாதிரி மூக்கால் பேசிக் காட்டினேன். பூங்காவனம் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. "அந்தக் குடத்துல என்னிக்காவது தண்ணி புடிச்சிருக்கியா?" என்று கேட்டார். "ஒரு சொட்டுக்கூட புடிச்சதில்லம்மா" என்றேன். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார். இவரைச் சிரிக்க வைக்காமல் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

ஒத்திகை பார்க்கப் போகிறோம், டேப் ஓடவில்லை என்று வெளியிலிருந்து சார் சொன்னார். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். குரல் கொடுக்க வேண்டியவள் குழாயடியில் நின்ற பெண்களில் ஒருத்தி. ஆனால் அன்றைக்கு வந்தது ஆண் குரல், கடற்கரைப் பக்கமிருந்து. "தண்ணி வருது! தண்ணி வருது!"

ஆண் குரலாக இருக்கிறதே என்று நான் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கா என்னைப் பழக்கினார்கள். அந்த வார்த்தையின் வால் என் வாயில் இருந்தது. பூங்காவனத்தின் பக்கம் திரும்பி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, என் உப்பளத்துக் குரல் முழுவதையும் எடுத்துக் கத்தினேன். "வரட்டும்டீ! வந்து என் குடத்துல குந்தட்டும்!"

வெளியே குழாயடிப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கட்டிலில் பூங்காவனமும் சிரித்தார். முதலில் சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் எண்ணெய் போடாத கிணற்று ராட்டினம் போல ஒரு கிறீச்சு. நான் வாசற்படிக்கு வந்தேன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. இரண்டு எண்ண வேண்டும். நான் இரண்டோடு நிறுத்தவில்லை. முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்தச் சிரிப்பை அனுபவித்துக்கொண்டு கூடக் கொஞ்ச நேரம் நின்றேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

அப்புறம்தான் நிமிர்ந்தேன். கேமராவுக்கு மேலே, சார் தலைக்கும் மேலே, மணலில் இழுத்துப் போட்டிருந்த படகுகள் பக்கவாட்டில் திரும்பித் தெருவை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே தண்ணீர் கறுப்பாக இருந்தது. எனக்குச் சத்தம் வரவில்லை.

"கேமராவைப் பாக்காதீங்கம்மா!" என்று சார் கத்தினார். நான் பார்வையை எடுக்கவில்லை. ஒரு வருஷத்தில் ஒருமுறைகூட அந்த விதியை மீறாதவள் இப்படி விழித்துக்கொண்டு நிற்கிறாளே என்றுதான் அவர் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். "கட்! கட்! ஓடுங்க! எல்லாரும் மேட்டுப் பக்கம் ஓடுங்க!" கடற்கரைக் குரலுக்கு அசையாமல் சிரித்துக்கொண்டு நின்ற பெண்கள் அந்த 'கட்'டுக்கு ஓடினார்கள். காலையிலிருந்து அந்த வார்த்தைக்குத்தானே அவர்களைப் பழக்கியிருந்தோம். சார் அன்றைக்குத் திரும்பிப் பார்த்ததற்காகவே, அவர் பெயரைச் சொல்லி நான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை, இருந்தாலும் ஏற்றுகிறேன்.

நானும் ஓடினேன். எனக்குப் பின்னால் நாலு எட்டில் கட்டில் இருந்தது. நான் திரும்பவில்லை. இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் அது அவ்வளவுதான், நான் திரும்பவில்லை. தண்ணீர் என்னைச் சுருட்டியபோது இடுப்பிலிருந்த காலிக் குடம் கவிழ்ந்து மிதந்தது, அதைக் கட்டிக்கொண்டேன். ஒரு தாழம்புதரில் என்னைச் சொருகிவிட்டுத் தண்ணீர் வடிந்தது. ரஃபீக்தான் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். "அல்லா, அல்லா" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை இல்லை. கேமரா போய்விட்டது. அஞ்சலை குழந்தையோடு மேட்டில் இருந்தாள். பூங்காவனம் சாயங்காலம் கிடைத்தார்.

அதற்குப் பிறகு நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாராவது ஒருத்தி, "யாருப்பா கத்தறது?" என்று கடல் பக்கம் எட்டிப் பார்த்திருப்பாள். நான் படியில் நின்று ரசிக்காமல் இருந்தால் கொஞ்சம் முன்னாடியே பார்த்திருப்பேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டிலைத் தூக்கியிருக்க முடியும். இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு சுவரோரம் கிடந்தேன். என் வீட்டுக்காரர் சமைத்துப் போட்டார். அந்த மனுஷன் அந்த நாட்களில் ஆட்டோவை எடுக்காமல் பக்கத்தில் இருந்ததற்கு நான் இன்னும் கைமாறு செய்யவில்லை.

சில வாரம் கழித்துச் சார் வந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார், பழையது தண்ணீரோடு போயிருந்தது. தரையிலேயே உட்கார்ந்தார்.

"பழக்கினது நான்தாம்மா. குத்தம்னா அதுல பாதி எனக்கு. மொத்தத்தையும் நீங்களே வச்சிக்காதீங்க" என்றார். பிறகு, "நடிக்கக் கூப்பிட வரல. அந்தக் குப்பத்து ஜனங்க ரோட்டோரம் கேம்ப்ல இருக்காங்க. தண்ணி லாரி வர்றப்ப வரிசை கட்ட ஆள் இல்ல. வர்றீங்களா?" என்று கேட்டார்.

வரிசையை உடைப்பதையே தொழிலாக வைத்திருந்தவளை வரிசை கட்டக் கூப்பிட்ட மனுஷன் அவர் ஒருத்தர்தான். போனேன்.

தார்ஷீட் கூரை போட்ட நீள நீளமான ஷெட்டுகள். உள்ளே சட்டி அடுப்பு மாதிரி சூடு. முதல் நாளே ஒரு விஷயத்தைச் சொல்லி வைத்தார்கள். லாரி வந்தால் வாயால் சொல்லக் கூடாது. ஆரம்பத்தில் விவரம் தெரியாத லாரி கிளீனர் ஒருத்தர், எல்லா ஊரிலும் கத்துகிற மாதிரி, "தண்ணி வருது!" என்று கத்தியிருக்கிறார். அடுத்த நிமிஷம் முகாமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறது. அதிலிருந்து தட்டைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். இந்தக் கடற்கரையில் குடிதண்ணீர் வந்தாலும் கடல் தண்ணீர் வந்தாலும் சொல்ல வேறு வேறு வார்த்தை இல்லாமல் போய்விட்டது. நான் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் வாங்கிக்கொண்டேன். தினமும் காலையில் பஸ்ஸில் போய் இறங்கித் தட்டைத் தட்டி, வரிசை கட்டி, குடத்துக்குக் குடம் சண்டை தீர்த்து வைத்துவிட்டு வருவேன். எல்லாருக்கும் நான் யார் என்று தெரியும். ஒருவரும் அந்த வசனத்தைக் கேட்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "அக்கா சாப்டுச்சா?" என்று கேட்டுத் தங்கள் சோற்றில் எனக்கும் ஒரு பங்கு வைத்தார்கள்.

அஞ்சலை மட்டும் என்னோடு பேசவில்லை. வரிசையில் வருவாள், குடத்தைப் பிடிப்பாள், என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாள்.

இதற்கு அப்புறம் நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2005 கடைசியில் நிகழ்ச்சியை மறுபடி தொடங்கினார்கள். குழாயடிக்குப் பதில் ரேஷன் கடை வாசல். 2006 வரைக்கும் ஓடியது. அந்த வசனத்தைச் சார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புது வசனம் எதுவும் அவ்வளவு ஓடவும் இல்லை. பிறகு சென்னை சீரியல்களில் சமையற்காரம்மா, பக்கத்து வீட்டம்மா, கல்யாணத்தில் மூக்கு சிந்துகிற அத்தை என்று ரொம்ப வருஷம் நடித்தேன். முழங்கால் போதும் என்றது, நிறுத்திக்கொண்டேன். குறை ஒன்றும் இல்லை. சோறு போட்டது, ஊரைக் காட்டியது, போகிற இடமெல்லாம் ஜனம் என் கையைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அன்றைக்கு முகாமில் அஞ்சலை என்னைக் கூப்பிடாமல் இருந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. போனும் ஸ்டாண்டுமாக வந்த அந்தப் பிள்ளைகளிடம் நான் சொல்லாமல் விட்ட பாதி அதுதான்.

மாசி மாசம், மத்தியான நேரம். லாரி போய்விட்டது. நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். அஞ்சலை வந்து நின்றாள்.

"அக்கா, உள்ள வா. ஒண்ணு கேக்கணும்."

ஷெட் வாசலில் சாக்குத் திரை தொங்கியது. வெளியே நிழலில் உட்கார்ந்து ஏழுமலை கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அஞ்சலை எனக்குப் பாய் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"நீ வெளிய வந்தப்ப எங்கம்மா இன்னா பண்ணிகினு இருந்துச்சி?"

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"என் பேரச் சொல்லிக் கூப்டுச்சா? நெதம் அதான் காதுல கேக்குது. நான் புள்ளயத் தூக்கிகினு ஓடறேன், அஞ்சல அஞ்சலன்னு அது கூப்டுது. கூப்டுச்சா இல்லியா? கூட இருந்தது நீதான். அத மட்டும் சொல்லு."

பிறந்ததிலிருந்து நான் பதில் சொல்ல இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. தூங்கிக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிடலாம். சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னாலும் நம்புவாள். நிஜத்தைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. என் வசனத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார் என்று எந்த வாயால் சொல்வது. ஆனால் அவள் கேட்டது எனக்குச் சௌகரியமான பதிலை இல்லை.

"கூப்பிடல அஞ்சல. சிரிச்சிகினு இருந்தாங்க."

"சிரிச்சிச்சா?"

"காலையிலேர்ந்து சிரிக்கவே இல்ல. நேர்ல பாத்தா சிரிப்பு வரலன்னு சொன்னாங்க. அந்தக் குரல் கேட்டதும் நான் அவங்க பக்கமே திரும்பிச் சொன்னேன். அப்பத்தான் சிரிச்சாங்க. அதக் கேட்டுகினு நான் படியில நின்னுட்டேன். நிக்காம வந்திருந்தா முன்னாடியே பாத்திருப்பேன். பாத்தப்புறமும் உள்ள திரும்பல. ஓடிட்டேன்."

வாய்விட்டு அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை.

"நானுந்தான் திரும்பல" என்றாள். பிறகு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "எப்படி சிரிச்சிச்சி?"

"எப்படின்னா?"

"நீதான் யாரப் பாத்தாலும் அவங்க மாதிரியே பண்ணுவியே. பண்ணு."

எத்தனையோ மேடையில் எத்தனையோ பேர் மாதிரி பண்ணியிருக்கிறேன். செத்துப்போனவர் மாதிரி பண்ணியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முதலில் சத்தமில்லாமல் தோளைக் குலுக்கினேன். அப்புறம் தொண்டைக்குள்ளிருந்து அந்தக் கிறீச்சை எடுத்தேன். அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அதான். அதேதான். ஆனா அது இன்னும் முடியல. கடைசியில ஒண்ணு இருக்குது."

"அதுக்கு மேல நான் கேக்கல, அஞ்சல."

"மூச்ச உள்ள இழுத்து, 'அட என் சாமி'ன்னு சொல்லும். அதச் சொன்னாத்தான் சிரிப்பு முடிஞ்சிதுன்னு அர்த்தம்."

மறுபடி சிரித்தேன். மூச்சை இழுத்து, "அட என் சாமீ" என்றேன்.

"இழுக்காத. எங்கம்மா எதயும் இழுக்காது. வெட்டிச் சொல்லும்."

மூன்றாவது முறை முதலிலிருந்து தொடங்கினேன். தோள், கிறீச்சு, உள்ளே போகிற மூச்சு, வெட்டினாற்போல, "அட என் சாமி."

சாக்குத் திரை ஒரு பக்கமாகக் கிழிந்து விலகியது. ஏழுமலை நின்றார், கையில் வலை ஊசி அப்படியே இருந்தது. அன்றைக்குக் கடலுக்குள் இருந்தவர் அவர். எதுவும் தெரியாமல் மீனோடு திரும்பி வந்து, கரையையே தேடியவர். ஷெட்டின் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார்.

"இப்ப யாரு... யாரு சிரிச்சது?"

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாதான். நீயும் வந்து உக்காருய்யா. அக்கா இன்னொரு தடவ பண்ணும்."

அவர் வாசலிலேயே குந்தினார். நான் மறுபடியும் தோளைக் குலுக்கத் தொடங்கினேன்.